தவிட்டுக்கு வாங்கின பெண்

புதுத் தவிட்டின் மணம் மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்கு அது தாய்வீட்டு மணம். நெல் குத்திப் புடைத்தவுடன் கையை வைத்தால் இளஞ்சூடாக இருக்கும், கொஞ்சம் இனிப்பாக மணக்கும். அப்படி ஒரு முறம் தவிடு கொடுத்துத்தான் என் சின்னம்மா, என்னைப் பெற்றவளின் தங்கை, என்னை வாங்கினாள்.

அம்மா செத்துப்போனபிறகு நைனா குடியில் விழுந்து, என்னைத் தனியே விட்டுவிட்டு நாள்கணக்கில் காணாமல் போவார். பக்கத்து வீட்டுச் சோற்றில் பிழைத்தேன். கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் அவரை மாரியம்மன் கோயில் வாசலில் உட்காரவைத்து, "பொண்ண தவிட்டுக்குக் குட்த்துடு, அப்பறம் அது உன்து இல்ல" என்று முடித்துவிட்டார்கள். தவிடு வாங்கியவர் பிள்ளைமேல் பாத்தியதை கேட்கக்கூடாது என்பது உத்திரமேரூர்ப் பக்கத்தில் எங்கள் ஜனங்களின் கட்டு. நைனா தவிட்டைத் துண்டில் கொட்டிக்கொண்டு போனார்.

தெருவே என்னைத் "தவிட்டு" என்று கூப்பிட்டது. அதில் எனக்குக் குறைச்சல் ஒன்றுமில்லை. ஒண்டிக்கொள்ள வந்தவளா நான், கேட்டு வாங்கப்பட்டவள்.

மறுவருஷ அறுப்பு முடிந்து நைனா தோளில் மூட்டையோடு வந்து நின்றார். வேறு கல்யாணம் கட்டியிருந்தார்.

"தவிட்ட கொண்டாந்துட்டேன் காந்தா. பொண்ண அனுப்பு. ஊட்ல கைக்கொயந்தய பாத்துக்க ஆளு இல்ல."

நான் சின்னம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டேன். அவள் மூட்டையைப் பிரித்து, ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள்.

"இது எந்த நெல்லு தவிடு மாமா?"

"தவிடுன்னா தவிடு. இதுல இன்னா கீது?"

"நான் குட்த்தது எங்க கயினி நெல்லு தவிடு. அதயே கொண்டாந்து குட்த்துட்டு பொண்ண கூட்டிக்கினு போ."

"அத்த ஆடு துன்னுட்ச்சே."

"அப்ப ஆட்டாண்ட கேட்டு வாங்கியா" என்றார் எதிர்வீட்டுக்காரர். தெரு சிரித்தது, நைனாவும் சிரித்துவிட்டார். சின்னம்மா ஊற்றிய கூழைக் குடித்துவிட்டு, என் கன்னத்தைத் தடவி, "நல்லா சத போட்டுகிற" என்றார். மூட்டையை மாட்டுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது நெல் குத்துகிற வீடும் இல்லை, அந்தக் கட்டும் இல்லை. எல்லாம் குழந்தைகள் நல ஆபீசில் நடக்கிறது. போன மாதம் எங்கள் தெருக் குழந்தை ஒன்றை அதன் பெரியம்மாவிடம் ஒப்படைக்கும்போது துணைக்குப் போயிருந்தேன். அங்கிருந்த மேடம் நல்ல மாதிரி; குழந்தையைப் பக்கத்தில் நிறுத்தி, "உனக்கு யார்கிட்ட இருக்க ஆசை?" என்று கேட்டார். அப்பனும் அங்கேதான் நின்றிருந்தான். குழந்தை பெரியம்மாவைப் பார்த்தது, அப்பனைப் பார்த்தது, வாயே திறக்கவில்லை.

என்னை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சின்னம்மா என்றுதான் சொல்லியிருப்பேன். நைனாவின் முகத்துக்கு நேரே அதைச் சொல்லவேண்டிய இடத்தில் ஊர்ப் பெரியவர்கள் என்னை நிறுத்தவில்லை.