செட் ஆன ஆள்

அந்த வாரம் எனக்கு வாய்த்த வினைச்சொல் ‘செட்’. தமிழ் வழியே ஆங்கிலம் கற்றுத்தரும் ஒரு செயலிக்குப் பாடம் எழுதுவது என் வேலை. அலுவலகம் அம்பத்தூர் எஸ்டேட்டில், குடியிருப்பது மேனாம்பேட்டில். ‘கோ’, ‘கம்’ எல்லாம் சமர்த்தாக எழுதி முடித்தவள், ‘செட்’டில் மாட்டிக்கொண்டேன். அகராதியில் அதன் பொருள்கள் பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தன. அலாரத்துக்கும் அதே சொல், சிமெண்ட் இறுகுவதற்கும் அதே சொல், சூரியன் மறைவதற்கும் அதே சொல். ஒரு சொல்லை இப்படியா வேலை வாங்குவது?

மூலத்தைத் தேடிப் போனால் விஷயம் எளிமையாக இருந்தது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘உட்கார வைத்தல்’ என்று பொருள். சிமெண்ட்டும் உட்காருகிறது, சூரியனும் உட்காருகிறது. செட் தோசையில் வரும் செட் மட்டும் வேறு வம்சமாம். லத்தீனில் பின்தொடர்வதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாம். ஒரு தோசையை இன்னொன்று பின்தொடர்வதால் எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

இதைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். அவரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்குள் ‘செட்’ ஆகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் வேறு சாதி. குடியாத்தத்தில் இருக்கும் என் வீட்டில் அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. சொன்னால் வேலையும் வேண்டாம், மெட்ராஸும் வேண்டாம், கிளம்பி வா என்பார்கள் என்று பயந்துகொண்டே இருந்தேன்.

அந்த நிலையில்தான் அம்மா போன் செய்தாள். “தனியா இருந்துகினு என்னதான் பண்றியோ?”

“கவலப்படாதம்மா, ஒரு ஆள செட் பண்ணிட்டேன். தினம் காலைல வீட்டுக்கு வந்துடுவாங்க. நல்லா பாத்துக்கறாங்க.”

அம்மா சட்டென்று “சரி” என்று வைத்துவிட்டாள். சிக்னல் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். நான் சொன்னது புதிதாக வந்த சமையல்கார அக்காவை. மரியாதைக்காக ‘வாங்க போங்க’ என்றால் ஆணா பெண்ணா என்று தெரியாமல் போகும் அழகான மொழி நம்முடையது. பாடம் எழுதுகிறவளுக்கு அது உறைக்க வேண்டாமா?

சனிக்கிழமை காலை கதவைத் திறந்தால் அப்பா. விடிவதற்குள் பஸ் ஏறி, பூந்தமல்லியில் இறங்கி, ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். கையில் ஒரு துணிக்கடைப் பை.

“உக்காருங்கப்பா.”

“இருக்கட்டும். எங்க அந்த ஆளு?”

யார் போட்டுக் கொடுத்தது? “எந்த ஆளுப்பா?”

“அதான், நீ செட் பண்ணியே. தினம் காலைல வராராமே.”

எனக்குப் புரிவதற்குள் அக்காவே கீரைக்கட்டுடன் உள்ளே வந்தாள். “இன்னா பாப்பா, ஊட்ல விருந்தாளியா? நைனாவா? குந்து அண்ணாத்தே, இன்னாத்துக்கு நின்னுகினு கீற?”

“இவங்கதாம்பா அந்த ஆளு,” என்றேன். “சமையலுக்கு.”

அப்பா அக்காவைப் பார்த்தார், கீரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்போதும் உட்காரவில்லை. அக்கா தோளைக் குலுக்கிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தப்பித்தேன் என்ற நிம்மதியும்தான்.

ஆனால் அப்பா சிரிக்கவில்லை. கையிலிருந்த பையை என்ன செய்வதென்று தெரியாதவர் போல அதன் வாயை மடித்தார், பிரித்தார். எட்டிப் பார்த்தேன். உள்ளே கரை வேட்டியும், சந்தன நிறத்தில் சட்டைத் துணியும்.

“உங்கம்மா ஒரு நாள் பூரா அழுதா,” என்றார். “மறுநாள் அவளே கடைக்குப் போயி எடுத்தா. வெறுங்கையோட போயி நின்னா நல்லா இருக்காதுன்னா.” பையை மேசைமேல் வைத்தார். “அப்ப, அப்படி யாரும் இல்லியா?”

அந்தக் குரலில் இருந்தது ஏமாற்றம். நிம்மதி துளியும் இல்லை. இத்தனை நாள் நான் யாரைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன்?

“இருக்காருப்பா,” என்றேன். “ஆனா நம்ம ஆளுங்க இல்ல.”

சமையலறையில் கீரை அரியும் சத்தம் நின்றது. அப்பா பையிலிருந்து சட்டைத் துணியை எடுத்து விரித்துப் பார்த்தார்.

“ஆளு ஒசரமா?” என்றார். “துணி பத்துமான்னு தெரியலியே.”

கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.