இரண்டு வாசலுக்கும் வாசித்த தம்பி

எனக்கு வயது எழுபத்தொன்று. வளர்த்தது எட்டுப் பேர். ஏழு நான் பெற்றவை. அவர்களுக்கெல்லாம் முந்தி என் இடுப்பில் ஏறியவர், பால்குடி மறக்கும் முன்னே எங்கள் ஆத்தா இறந்து என்னிடம் விட்டுப்போன தம்பி. அவருடைய முதலாண்டு நினைவு நாளுக்கு நான்தான் பேச வேண்டும். எனக்குக் கையெழுத்து மட்டுமே வரும். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

தம்பி எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் ஆர்மோனியம் பழகி, புதுக்கோட்டையில் பள்ளிக்கூட வாத்தியாரானார். ஞாயிறுதோறும் ஊருக்கு வந்து பூசைக்கு வாசிப்பார். அவர் வாசிப்பைக் கேட்ட ஒரு டாக்டர் ஐயா, டவுனில் இருந்த பிரீமேசன் லாட்ஜ் என்கிற ரகசியச் சங்கத்தில் அவரைச் சேர்த்துவிட்டார். அங்கே கதவுக்கு வெளியே ஒருவர் உருவின வாளோடு நிற்பாராம். அதனால் சனங்கள் அதைத் தலைவெட்டிக் கோயில் என்றார்கள்.

"என்ன மாப்ளே, இந்த மாசம் எத்தனை தலை?" என்பார் என் வீட்டுக்காரர்.

"ஒங்க தலைக்குள்ள ஒண்ணுமில்லேன்னு விட்டுட்டாக மச்சான்" என்பார் தம்பி.

உள்ளே நடப்பதைச் சொல்ல மாட்டார்; வாக்குக் கொடுத்திருந்தார். எனக்குச் சொன்னது கொஞ்சம்தான். ஒரு தலைவர், அவருக்கு அடுத்தபடியாக இருவர், கோல் பிடித்து நடக்க இருவர். இவர் வாசித்தால்தான் அவர்கள் வரிசையாக உள்ளே வருவார்கள். வாசிக்கிறவரும் அங்கே ஓர் அதிகாரி. கழுத்துப் பட்டியில் வெள்ளியில் சின்ன யாழ் தொங்கும். "கலெக்டர் கச்சேரி துரைமாரெல்லாம் என்னையச் சகோதரன்னு கூப்பிடுறாக அக்கா" என்று சொன்ன அன்று இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஆனால் எங்கள் கத்தோலிக்கத் திருச்சபை அந்தச் சங்கத்தை விலக்கியிருந்தது. சேர்ந்தவருக்கு நற்கருணை இல்லை. விடாமல் இறந்தால் கல்லறையில் இடமும் இல்லை. தம்பி அதை அறிந்தே போனார். எங்கள் கோயிலின் பங்குச் சாமியார்தான் அவர் போவதை அறியாதிருந்தார்.

மறைமாவட்ட ஆயர் வந்த திருநாளில் அது வெளிப்பட்டது. மெழுகுதிரிகள் முன்னே வர, ஆயர் பின்னே வர, தம்பியின் கை பழக்கத்தில் லாட்ஜ் பாட்டை வாசித்துவிட்டது. ஊராருக்கு வித்தியாசம் தெரியவில்லை. திருநாளுக்கு வந்திருந்த டாக்டர் ஐயாவுக்குத் தெரிந்தது. "சாமி, லாட்ஜுல நாங்க வரிசையா உள்ள போறப்ப இவர் வாசிக்கிறது இதே பாட்டுத்தான்!" என்று சாமியாரிடம் புகழ்ந்துதான் சொன்னார்.

"அந்தச் சங்கத்த விடு. இல்லேன்னா இந்த ஆர்மோனியப் பொட்டியத் தொடாதே" என்று தம்பியிடம் சொன்னார் சாமியார்.

தம்பி பொட்டியை மூடினார். அதன்பின் கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். எல்லாரும் நற்கருணைக்கு எழும்போது அவர் தலை குனிந்திருக்கும்.

தம்பி நெஞ்சுநோயில் படுத்தபோது சாமியார் வந்தார். பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன்.

"அந்தச் சங்கத்த விட்டுட்டியாப்பா?"

"விட்டுட்டேன் சாமி. அங்கன பாத்ததை மட்டும் கேக்காதீக. அது குடுத்த வாக்கு."

சாமியார் தம்பியின் நெற்றியில் சிலுவை போட்டார். பிறகு நற்கருணை கொடுத்தார். தம்பி கல்லறையில் ஆத்தாவின் காலடியில் அடங்கினார்.

அந்தச் சாமியார் மாற்றலாகிப் போய்விட்டார். இப்போது கல்லறையில் குருசு வைக்கப் போனால், "மூச்சு விட முடியாத ஆளு, சங்கத்த விட்டுட்டேன்னு எங்க சொன்னாரு? அக்காக்காரி கட்டுன கதை" என்கிறார்கள் நம் சொந்தத்திலேயே சிலர். தம்பி சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

கடைசிவரை வீடு தேடி வந்து ஊசி போட்ட டாக்டர் ஐயாவுக்கும், எங்களுக்குச் சங்கடம் வரக் கூடாதென்று பட்டி எதுவும் அணியாமல் கல்லறைச் சுவருக்கு வெளியே நின்ற லாட்ஜ்காரர்களுக்கும், அந்தச் சாமியாருக்கும் என் கும்பிடு.

ஏத்தா, எம்பேத்தி, எழுதுனதுல சாமி கேட்டதுலருந்து வாசி. சத்தமா வாசி. வாசல்ல ஒக்காந்திருக்க நம்ம சொந்தக்காரவுகளுக்கும் கேக்கட்டும்.