நடுவில் ஒரு ராத்திரி இருந்த ஆட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பிஸ்கட் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்த செல்போனில் இருபது ஓவர் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவன், "அஞ்சு நாள் ஆட்டத்த இன்னும் எவன்டா பாக்குறான்? அது எப்பவோ செத்துப்போச்சு" என்றான். அவன் கூட்டாளி ஏதோ மறுத்துச் சொன்னான். பேச்சு எங்கே தடம் புரண்டது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு கண்ணாடி டம்ளர் பறந்து போய்த் தூணில் உடைந்தது. சூடான டீ முழுக்க என் சட்டையில். ஒருவன் காலரை இன்னொருவன் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். அதற்குள் விருத்தாசலம் பஸ் வந்துவிடவே, ஆளுக்கொரு கெட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் அதே பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள்.

நான் ஈரச் சட்டையோடு நின்றேன். என் நெஞ்சில் இப்படிச் சூடாக ஏதோ பரவியது இதற்கு முன்னால் இரண்டு தடவை நடந்திருக்கிறது. இரண்டும் நெய்வேலியில், ஒரே மைதானத்தில். இரண்டு தடவையும் அது டீ இல்லை.

அப்ரண்டிஸாக நெய்வேலிக்குப் போன புதிது அது. பகலெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ். சட்டையைக் கழற்றினால் உள்ளே பனியனிலும் பழுப்பாகக் கரித்தூள். ஷிப்ட் சங்கு ஊதியதும் கம்பெனி பஸ்ஸில் இடம் பிடிக்க ஓடுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே விளையாட்டு. என்னைக் கிரிக்கெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனவர் சேவியர் அண்ணன். கடலூர்ப் பக்கத்துக்காரர். கன்வேயர் பெல்ட்டில் ஆபரேட்டர், பர்மனென்ட். எங்கள் பிளாக் அணிக்கு முதலில் இறங்கி ஆடுகிறவர். அவர் இறங்கினால் நாங்கள் பாயை விரித்துப் படுத்துவிடுவோம், அவ்வளவு நிதானம். காலையில் மட்டையை ஊன்றினால் சாப்பாட்டு நேரத்திலும் அதே இடத்தில் அதே முகத்தோடு நிற்பார். "அண்ணே, ஒரு ஃபோராவது அடிங்கண்ணே" என்று கத்துவோம். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

அப்போது கோடையில் அணிகளுக்குள் இரண்டு நாள் ஆட்டம் நடக்கும். சனி, ஞாயிறு. நீண்ட ஆட்டம் என்றதும் இப்போது எல்லோரும் ஏதோ கோயில் குருக்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி பயபக்தியோடு பேசுகிறார்கள். சாந்தம், பொறுமை, பெருந்தன்மை. அப்படிப் பேசுகிறவர்களை ஒரு மே மாதம் எங்கள் மேட்டிங்கில் நிற்க வைத்திருக்க வேண்டும். இறுகிப்போன செம்மண்ணின்மேல் தேங்காய் நார்ப் பாயை விரித்து, ஓரமெல்லாம் ஆணி அடித்திருப்பார்கள். அதில் குத்திய பந்து எங்கே போகுமென்று போட்டவனுக்கே தெரியாது. அணிக்கு ஒரே ஹெல்மெட். முகத்தை மறைக்கிற கம்பி எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே வைத்துக்கொள்கிற கார்டும் ஒன்றே ஒன்றுதான். அவுட்டாகி வருகிறவன் கழற்றி, உள்ளே போகிறவனிடம் கொடுக்க வேண்டும். அந்தக் கைமாற்றத்தின் சூட்டைப் பற்றி இதற்குமேல் எழுதினால் என் வீட்டில் சோறு கிடைக்காது.

எதிரணியில் ராஜவேலு இருந்தான். கம்மாபுரம் பக்கத்து ஆள். அவர்கள் நிலம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. அதே சுரங்கத்தில் அவன் கான்ட்ராக்ட் கூலி. வாரமெல்லாம் மண்வெட்டி பிடித்த கை, சனிக்கிழமை பந்தைப் பிடிக்கும். ஓடி வருகிறபோது பல்லைக் கடித்துக்கொண்டு வருவான். ஸ்டம்பை விட்டுவிட்டு ஆளைத்தான் பார்ப்பான் என்று எங்களுக்கெல்லாம் தோன்றும். அவன் பந்து பட்டு என் விலாவில் விழுந்த வட்டம் கத்தரிக்காய் நிறத்திலிருந்து பச்சையாகி, மஞ்சளாகி மறைய ஒரு மாதம் ஆயிற்று.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நான் எதிர்முனையில் நின்றேன். ராஜவேலு போட்ட பந்து பாயில் குத்தி எகிறி நேராக சேவியர் அண்ணன் வாயில் இறங்கியது. ஈர விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். அண்ணன் இரண்டு எட்டு வைத்து, ஓடி வந்த என்மேல் சாய்ந்தார். என் சட்டை சூடாகிவிட்டது. குனிந்து பார்த்தால் அவருடைய பல் ஒன்று என் கால் பேடில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ராஜவேலு இடுப்பில் கை வைத்தபடி நின்றான். கிட்டே வரவில்லை. "எங்க நெலத்துல கரி தோண்டிக்கினுதான எல்லாம் பர்மனென்ட் ஆனீங்க? ஒரு பல்லு போனா இன்னாங்க?" என்றான்.

அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? எங்கள் ஆட்கள் ஸ்டம்பைப் பிடுங்கினார்கள். அவர்கள் ஆட்கள் மட்டையைத் தூக்கினார்கள். ஒருவன் தலை இன்னொருவன் கக்கத்தில். மூக்கில் குத்து, வயிற்றில் உதை. நானும் வீராவேசமாகத்தான் ஓடினேன். கால் பேடு தடுக்கிக் குப்புற விழுந்து, எங்கள் ஆள் ஒருவனாலேயே முதுகில் மிதிபட்டேன். அம்பயராக நின்ற வாத்தியார் மட்டும் ஒரு காரியம் செய்தார். விழுந்து கிடந்த ஸ்டம்புகளை நட்டு, அவற்றின்மேல் பெயில்ஸ் குச்சிகளை வைத்து, பிறகு அவற்றை எல்லோரும் பார்க்கிற மாதிரி தட்டிவிட்டார். "இன்னைக்கு ஆட்டம் முடிஞ்சுது. மீதி நாளைக்குக் காலைல. போங்கய்யா வூட்டுக்கு."

அந்த "நாளைக்கு" என்ற சொல்லில் என்ன இருந்ததோ, கைகள் இறங்கின.

ஆஸ்பத்திரியில் உதட்டுக்குத் தையல் போட்டு, அண்ணனை அவர் குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் கதவு தட்டும் சத்தம். வாசலில் ராஜவேலு நின்றான், தோளில் ஒரு பலாப்பழத்தோடு. மேரி அக்கா, அண்ணனின் மனைவி, அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானா அது?"

"ஆமாங்க."

அக்கா ஓங்கி ஒன்று விட்டார். பலாப்பழம் தோளிலிருந்து உருண்டு படியில் விழுந்தது. இன்னொரு அறை. அவன் முகத்தைத் திருப்பவில்லை. மூன்றாவதற்குத் தூக்கிய கை அப்படியே நின்றது. அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது.

"சாப்பிடவே முடியாம கெடக்காருடா. பல்லு ஒடஞ்சவருக்கு எவனாவது பலாப்பழம் தூக்கிக்கிட்டு வருவானா?"

உள்ளே கட்டிலில் கிடந்த அண்ணனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தையல் இழுக்க, வலியில் "ஐயோ, ஐயோ" என்று முனகிக்கொண்டே சிரித்தார். அக்கா அவருக்குக் காய்ச்சிய கஞ்சியிலேயே ராஜவேலுக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். கன்னத்தில் விரல் பதிந்த தடத்தோடு அவன் தரையில் உட்கார்ந்து குடித்தான். மன்னிப்பு என்ற பேச்சே வரவில்லை. போகிறபோது, "நாளைக்கு வருவீங்களாண்ணே?" என்று கேட்டான். அண்ணன் தலையை ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். மேலுதடு போண்டா மாதிரி வீங்கியிருந்தது. ராஜவேலு முதல் பந்தை மெதுவாக, தாழ்வாக, குழந்தைக்குப் போடுகிற மாதிரி போட்டான். அண்ணன் அதைத் தடுத்துவிட்டு, பாயின்மேல் நடந்து போய், மட்டையின் நுனியை அவன் நெஞ்சில் குத்தி, வீங்கிய வாயால், "ஒழுங்காப் போடுறா" என்றார். அடுத்த பந்து காதோரம் சீறிக்கொண்டு போனது. வெயில் சாயும்வரை அவன் எறிந்தான், இவர் உடம்பில் வாங்கினார். தோள், முழங்கை, தொடை. கடைசியில் ஆட்டம் டிரா. இவ்வளவு ரத்தத்துக்கும் ஜெயித்தவர் யாருமில்லை. அன்றிலிருந்து அவன் கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வீட்டுக்கு வருவான். பொங்கலுக்கு இவர்கள் அங்கே போவார்கள்.

பிறகு காலம் மாறிற்று. பத்து ஓவர் ஆட்டம் வந்தது. நான் குறுகிய ஆட்டத்தைத் திட்டுகிறவன் இல்லை. அதற்கு முதலில் போனவனே ராஜவேலுதான். சேவியர் அண்ணன் கோபித்துக்கொண்டபோது அவன் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. "ஒங்களுக்கு லீவு இருக்குதுண்ணே. நான் ரெண்டு நாளு வேலைய வுட்டுட்டு வந்தா மூணாம் நாளு உள்ள வுட மாட்டான். இதுன்னா ஷிப்ட் முடிச்சுட்டு ஆடிட்டுப் பூடலாம்." ஆள் சேராமல் இரண்டு நாள் ஆட்டம் ஒரு கோடையில் நின்றது; அடுத்த கோடையில் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ராஜவேலு தோள் தேய்ந்து, பந்து வீசுவதை விட்டு, பத்து ஓவர் போட்டிகளுக்கு அம்பயரானான்.

நான் பார்த்த கடைசிப் போட்டி ஒரு சாயங்காலம் நடந்தது. எங்கெங்கிருந்தோ வேனில் வந்திறங்கிய அணிகள். முதல் பரிசு ஒரு கிடா. எல்லைக்கோட்டருகே மாலை போட்டுக் கட்டியிருந்தார்கள். ஒலிபெருக்கி காதைக் கிழித்தது. கடைசிப் பந்து. ராஜவேலு இரண்டு கையையும் விரித்து வைடு என்றான். மட்டை பிடித்தவர்கள் ஜெயிக்க அந்த ஒரு ரன் போதும்; ஆட்டம் அதோடு முடிந்தது. தோற்றவர்களில் ஒருவன் ஸ்டம்பைப் பிடுங்கியதை நான் பார்த்தேன். கத்துவதற்குள் அதன் கூர்முனை ராஜவேலு முகத்தில் இறங்கியிருந்தது. விழுந்தவனை நாலைந்து பேர் மிதித்தார்கள். மிதித்துவிட்டு வேனில் ஏறினார்கள். வேன் போய்விட்டது.

ஓடிப்போய் அவன் தலையை என் மார்பில் சாய்த்தேன். இடது கண் இருந்த இடத்திலிருந்து ரத்தம் வெதுவெதுவென்று என் சட்டையில் இறங்கியது. ஒலிபெருக்கியில் அடுத்த இரண்டு அணிகளின் பெயரைக் கூப்பிட்டார்கள். யாரோ ஒருவன் ரத்தத்தின்மேல் ஒரு கூடை மணலைக் கொட்டினான்.

அப்போதுதான் சேவியர் அண்ணன் கூட்டத்திலிருந்து எழுந்து வந்து, பிட்ச்சின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, டைம் ஆவுது. எந்திரிங்க" என்றான் போட்டி நடத்துகிறவன்.

"ஒரு மனுசன் கண்ணு போயிருக்கு. இன்னைக்கு இத்தோட நிறுத்துங்க. நாளைக்கு ஆடுங்க."

"நாளைக்கு எவண்ணே வருவான்?"

அவர் எழவில்லை. ஒருவன் பந்தை அவர் முதுகில் எறிந்தான். இன்னும் இரண்டு பேர் எறிந்தார்கள். பிறகு கையையும் காலையும் பிடித்து, மூட்டையைப் போலத் தரையோடு இழுத்துக்கொண்டு போய் எல்லைக்கு வெளியே போட்டார்கள். அவர் வலது தோள் மூட்டு கழன்றது. ஒரே டாடா ஏஸ் வண்டியில் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போனேன். பின்னாலிருந்து விசில் சத்தம் கேட்டது. அடுத்த ஆட்டம் ஆரம்பித்துவிட்டது.

ராஜவேலுக்கு அந்தக் கண் திரும்பவில்லை. அண்ணனுக்கு அதற்குப்பின் வலது கை தலைக்குமேல் எழவில்லை. அவர் போன வருஷம் போய்ச் சேர்ந்தார். கல்லறையில் மேரி அக்காவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நின்றவன் ராஜவேலுதான்.

மைதானம் அங்கேயேதான் இருக்கிறது. நார்ப்பாய் இல்லை, ஒற்றை ஹெல்மெட்டுக்கு வரிசையில் நிற்கிறவர்கள் இல்லை, பாதி ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்களும் இல்லை. அடக்கம் முடிந்து திரும்புகிற வழியில், ரொம்ப நாளாக மனதில் கிடந்ததை ராஜவேலுவிடம் கேட்டேன். "ஒன்னக் குத்துனவன் யாருன்னு தெரிஞ்சுதாப்பா?"

"மொகமே தெரியாதுங்க. இன்னைக்கு எதுருல வந்து நின்னாலும் தெரியாது. அவனுக்கும் என்னத் தெரியாது."

"அண்ணன் வாய ஒடச்ச அன்னைக்கு நீ வந்து நின்னியே."

ராஜவேலு ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தான்.

"பொய் சொல்லக்கூடாதுங்க. மறுநா காலைல அவரு மூஞ்சில முழிக்கணுமே. அதனால வந்தேன். ஆட்டம் அன்னைக்கே முடிஞ்சிருந்தா நானும் வந்திருக்க மாட்டேன்."