வாசிக்காமல் விட்ட ஐந்தாம் பக்கம்

பதுளையில் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசு ஆபிசில் எனக்கு வேலை. நாள் முழுக்க அடுத்தவர்களின் ஒப்பந்தங்களை டைப் அடிப்பேன். அப்படிப்பட்ட நான்தான் பெத்த அம்மாவின் ஒப்பந்தத்தை ஒழுங்காக வாசிக்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்கணும்.

நமுனுகுலைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் தேயிலை மலையைப் பிரித்துக் குடும்பத்துக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். நிலம் தோட்டக் கம்பெனிக்குத்தான் சொந்தம். பராமரித்து, கொழுந்தைப் பறித்து அவர்களுக்கே கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் ஆறு பக்கம், அத்தனையும் இங்கிலீஷ். எனக்கோ பஸ்ஸுக்கு நேரமாச்சு. நாலு பக்கத்தை அவசரமாகச் சொல்லிவிட்டு, "மிச்சமெல்லாம் வழமையா போடுறதுதாம்மா, கையெழுத்தப் போடு" என்று ஓடிவிட்டேன்.

ஆடி மழையில் அம்மா வழுக்கி விழுந்து வலது கை முறிந்தது. மாவுக்கட்டு. கொழுந்து நமக்காகக் காத்திருக்குமா? ஒரு வாரம் விட்டால் முற்றிப்போகும். எங்கள் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பரா வீட்டுச் சித்தி, உறவில்லை, வாய் நிறையக் கூப்பிடுவதுதான், யாரையும் கேட்கவில்லை, கூடையை மாட்டிக்கொண்டு எங்கள் துண்டில் இறங்கிவிட்டார். சித்திக்குப் பிள்ளை பிறந்தபோது அவருடைய துண்டில் அம்மா பறித்தாள். லயத்தில் இது இன்று நேற்று வந்த பழக்கமா என்ன?

மூன்றாம் வாரம் தோட்டத்து ஆபிசிலிருந்து கடிதம். துண்டில் வெளியாள் வேலை செய்கிறார், பதினாலு நாளில் விளக்கம் தராவிட்டால் ஒப்பந்தம் ரத்து.

அப்போதுதான் ஐந்தாம் பக்கத்தைத் திருப்பினேன். கையெழுத்திட்டவரின் குடும்பத்தாரைத் தவிர எவரும் அங்கே வேலை செய்யக் கூடாது, சம்பளத்துக்கோ சும்மாவோ. சும்மாவோ! உதவியைக்கூட விட்டுவைக்கவில்லை பாவிகள். அதற்குக் கீழே இன்னொரு வரி. முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கினால் செய்யலாமாம். ஐயோ, ரெண்டு நிமிஷத்தில் நான் அடித்துக் கொடுத்திருக்கக்கூடிய கடிதம்!

விளக்கம் எழுதினேன், கிழித்தேன், திரும்ப எழுதினேன். துண்டு போனால் அம்மாவுக்கு வேறு என்ன இருக்கு? பதில் வரும்வரை காம்பராவுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். கடைசியில் இந்த முறை விட்டுவிட்டார்கள். ஆனால் சித்தி உள்ளே கால் வைக்கக் கூடாது. நிபந்தனையை மீறியவர்களுக்கு இந்த வருஷம் அனுமதியும் கிடையாது.

லீவு போட்டுவிட்டு நானே கூடையை மாட்டினேன். துண்டின் ஓரமாகத் தண்ணி ஓடும் கானுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சித்தி கத்தினார்: "அடியே, அது முத்தல்! பக்கத்துல இருக்கு பாரு கொழுந்து!" அவர் கை சும்மா நிற்கவில்லை, முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தது. அம்மா இடது கையால் ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அன்னிக்கு நான் முழுசா வாசிச்சிருந்தா நீ கையெழுத்தே போட்டிருக்க மாட்டம்மா" என்றேன்.

அம்மா நிமிரவில்லை. "போட்டுத்தான் இருப்பேன். நமக்கு வேற வழி ஏது? ஆனா, தெரிஞ்சு போட்டிருப்பேன்."