கன்னம் வீங்கிய மாப்பிள்ளை

என் தங்கச்சியின் கல்யாணம் பொன்னுக்கு வீங்கியால் நிற்கப் பார்த்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள். நான் கண்டியில் வைரஸ்களை ஆராயும் ஓர் ஆய்வுகூடத்தில் வேலையில் இருந்தேன். டயகம தோட்டத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஹட்டனுக்குப் பக்கத்திலிருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து, வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாளில் தங்கச்சிக்குக் கன்னம் வீங்கியது. பிறகு, வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள் கொண்ட எங்கள் லயம் முழுக்க வீங்கியது. தங்கம் பட்டால் வீக்கம் வற்றும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அம்மாவின் ஒற்றைச் சங்கிலி ஓய்வில்லாமல் வீடு வீடாகப் போய்வந்தது.

அப்பா இல்லாத வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். "டயகமவுலயும் இதே சீக்குதானாம். அவங்கதான் கொண்டாந்து விட்டுட்டுப் போயிருக்காங்க. தொடக்கமே சரியில்ல, இந்தச் சம்பந்தம் வேணாம்" என்றார். ஹட்டனில் கடை வேலையில் இருந்த மாப்பிள்ளைக்கும் வீங்கிவிட்டதாகச் செய்தி வந்ததும், "பாத்தீங்களா!" என்று துண்டை உதறித் தோளில் போட்டார். தங்கச்சி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு நான் கண்டுபிடிச்சுச் சொல்றேன். அதுவரைக்கும் பேசாம இருங்க" என்றேன்.

எங்கள் ஆய்வுகூடத்துப் பெரிய டொக்டர் அப்போது இந்த நோயைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். இரண்டு தோட்டங்களிலும், ஹட்டனில் மாப்பிள்ளையிடமும், சம்மதம் கேட்டுக் கன்னத்தின் உட்பக்கம் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்துவந்தோம். வைரஸ் தன்னைத்தானே நகல் எடுத்துப் பெருகும்போது மரபணுவில் அங்கங்கே ஓர் எழுத்தைப் பிழைவிடும். பரீட்சையில் ஒருவனைப் பார்த்து எழுதிய எல்லோரும் ஒரே பிழையை எழுதுவார்களே, அப்படி ஒரே பிழையைச் சுமப்பவை ஒரே வழியில் வந்தவை. அதை வைத்துக் கிளை பிரிக்கலாம்.

முடிவு கைக்கு வந்ததும் தலைகால் புரியாத சந்தோஷத்தில் பஸ் ஏறினேன். வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்தேன்.

"டயகம வைரஸ் வேற, நம்ம லயத்து வைரஸ் வேற. ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. அவங்க நமக்குக் கொண்டாந்து விடல" என்றேன். பெரியப்பாவின் முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்கு அத்தனை ஆனந்தம். அந்த வேகத்திலேயே, "மாப்பிள்ளைக்கு வந்ததுகூட அவங்க ஊருது இல்ல. அது நம்ம லயத்து..." என்று சொல்லி, பாதியில் வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா விடவில்லை. "அது எப்புடிடா? நிச்சயத்துக்குப் பெரியவங்க மட்டுந்தானே வந்தாங்க? மாப்பிள்ளை இந்தப் பக்கமே வந்ததில்லையே?"

சனிக்கிழமை தோறும் ஹட்டனுக்குத் தையல் வகுப்புக்குப் போகிறவள் எங்கள் வீட்டில் ஒருத்திதான். வைரஸ் தான் வந்த கிளையைச் சொல்லுமே தவிர, யார் யாரோடு ஒரே கோப்பையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள் என்று சொல்லாது. அதைத் தங்கச்சியின் முகம் சொல்லிவிட்டது. வீக்கம் வற்றி ஒரு மாதத்துக்கு மேலாகியும் கன்னம் இரண்டும் சிவந்துகிடந்தன.

பெரியப்பா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாய்க்குள் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் வெடித்துச் சிரித்தார்.

"சீக்கக் குடுத்துட்டோம். இனி பொண்ணக் குடுக்க மாட்டோம்னு சொன்னா நல்லாவா இருக்கும்? நாளப் பாருங்க!"