மேடைக்குத் தெரிந்த சரிவு

மூன்று வேளையும் சோறு போடுகிறார்கள் என்பதற்காகத்தான் அந்த முகாமுக்குப் போனேன். மரங்களின் மேல் எனக்குப் பெரிய பிரியம் எதுவும் அப்போது கிடையாது. ஒன்பதாவதோடு படிப்பை விட்டு, லாரியில் கிளீனராக ஊர் ஊராகச் சுற்றி, டிரைவரோடு வாய்ச்சண்டை முற்றி, சமயநல்லூரில் இறக்கிவிடப்பட்டவன் நான். தல்லாகுளத்தில் ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். தீயில் எரிந்த மலையில் மரம் நட இளைஞர்கள் வேண்டும், சாப்பாடும் தங்க இடமும் உண்டு என்று ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். எழுபதுகளின் கடைசி அது. புரட்டாசி மாதம்.

அழகர்கோவிலைத் தாண்டிப் போகவேண்டும். முகாமில் முக்கால்வாசிப் பேர் காலேஜ் பையன்கள். மலையடிவாரத்து ஊரிலிருந்து வந்தவன் ஒருவன்தான். அவனை எனக்கு ஜோடியாகப் போட்டார்கள். கையில் கடப்பாரையைக் கொடுத்த நிமிஷமே என்னை மாப்ள என்றான். நானும் மாப்ள என்றேன்.

அவன் சோற்றுக்கு வந்தவன் இல்லை. எரிந்த சரிவுக்கு நேர் கீழே அவன் வீட்டுக் கடலைக்காடு இருந்தது. பங்குனியில் மலை எரிந்ததும், அடுத்து வந்த ஒரே ஒரு கோடை மழையில் சாம்பலும் மண்ணும் வரப்பேறி வந்து காட்டை மூடிவிட்டன. வீடே சேர்ந்து அதை வழித்துக் கொட்டி, ஆடியில் கடலை போட்டிருந்தார்கள். ஐப்பசி மழைக்குள் மேலே மண்ணைப் பிடித்து நிறுத்த ஏதாவது வேண்டும். இல்லாவிட்டால் அந்த வருஷம் அவர்களுக்கு எதுவும் இல்லை.

முதல் நாள் ஏறிப் பார்த்தால் சரிவு சாகவில்லை. கரிந்த உசிலைமரக் கட்டைகளின் தூரிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கொத்துக் கொத்தாகத் தளிர் வந்திருந்தது. அதைப் பார்க்கப் படிப்பு எதுவும் வேண்டாம், கண் இருந்தால் போதும்.

"மாப்ள, பாதி வேலைய அதுவே செஞ்சு வச்சிருக்குடா," என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு கயிறு வரும்வரைதான். மலை உச்சிப் பக்கமிருந்து அடிவாரம் வரை இழுத்துக் கட்டிய நீளக் கயிறு. அதில் இடைவெளி விட்டுச் சிவப்புத் துணி முடிச்சுகள். முடிச்சு எங்கே விழுகிறதோ அங்கே ஒரு குழி, குழிக்கு ஒரு தைலமரக் கன்று. எங்கள் முதல் முடிச்சே ஓர் உசிலைத் தூரின் மேல் உட்கார்ந்தது. அவன் முகாமை நடத்திய ஆபீசரைக் கூப்பிட்டான்.

"சார், முடிச்சுக்கு அடியில மரம் நிக்குது."

"எரிஞ்ச கட்டைதானப்பா? பேத்துப் போடு."

"எரியல சார். தளுத்திருக்கு, பாருங்க."

"அது தானா வந்தது. நாம வச்சாத்தான் கணக்கு."

"ஒரு முழம் தள்ளித் தோண்டிக்கிறோமே சார். அந்த வேருதான் சார் மண்ணப் பிடிச்சுக்கிட்டிருக்கு. கீழ எங்க காடு இருக்கு."

"கோடு கோணிப் போகும் தம்பி. மேடையில இருந்து பார்க்கிறவங்களுக்கு எம்புட்டு அசிங்கமா இருக்கும்?"

அடிவாரத்தில் மேடை கட்டிக்கொண்டிருந்தார்கள். மெட்ராஸிலிருந்து பெரிய மனிதர் ஒருவர் வரப்போகிறாராம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால் மலைக்குத் தலை வாரிவிட்டது போல இருக்க வேண்டும். அதற்காகத்தான் வரிசைகள் சரிவின் குறுக்கே போகாமல் மேலிருந்து கீழே இறங்கின. தண்ணீர் ஓடிவரப் பாதை போட்டுக்கொடுப்பது மாதிரி.

மதியம் எல்லோரும் சாப்பிட இறங்கியபோது நாங்கள் இருவரும் கயிற்றைத் தளர்த்தி, தளிர்விட்ட தூர்களை விலக்கி வளைத்துக் கட்டினோம். வளைந்த வழியிலேயே குழிகளையும் தோண்டினோம். சாயங்காலம் ஆபீசர் மேடையேறி மைக்கைச் சோதித்தார். அடுத்து மலையெல்லாம் கேட்டது அவர் குரல்.

"மூணாவது வரிசை! கோணல்! யாருய்யா அது?"

"அண்ணே, ஒங்க வரிசை தண்ணி போட்டிருக்கு போல!" என்று ஒரு காலேஜ் பையன் கத்த, சரிவு முழுக்கச் சிரிப்பு. 

மறுநாள் அதே பையன்களை விட்டு அந்தத் தூர்களைப் பெயர்க்கச் சொன்னார். ஒவ்வொன்றும் வரும்போது ஒரு கூடை மண்ணைக் கவ்விக்கொண்டு வந்தது. சிரித்தவர்கள் ஒருவரும் அப்போது சிரிக்கவில்லை; ஆனால் பெயர்ப்பதை நிறுத்தவும் இல்லை. என் ஜோடிக்காரன் சிதறிய மண்ணைக் காலால் குழிக்குள் தள்ளித் தள்ளி மிதித்துக்கொண்டிருந்தான்.

கிழக்குப் பக்கம் ஒரு பெரிய பாறை துருத்திக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இருந்த சரிவு மேடைக்குத் தெரியாது. "அங்க யாரு பார்க்கப் போறா, எப்படியோ நட்டு முடிங்க," என்றார் ஆபீசர். முடித்தோம். ஒரு தூரைக்கூடத் தொடாமல், கன்றுகளைக் கிடைத்த இடுக்குகளில் சொருகினோம்.

விழா நடந்தது. மாலை போட்டார்கள். பெரிய மனிதர் ஒரு கன்றுக்குச் செம்பில் தண்ணீர் ஊற்றியதைப் படம் எடுத்தார்கள். இளைஞர்களின் ஒழுக்கத்தை இந்த நேர்கோடுகளில் காண்கிறேன் என்று பேசினார். கைதட்டினார்கள். பந்தலோடு தண்ணீர் லாரியும் அன்றைக்கே போய்விட்டது.

ஐப்பசி மழை பிடித்தபோது ஒட்டன்சத்திரத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். மழை விடவேயில்லை. எனக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. மழை வெறித்ததும் பஸ் பிடித்துப் போனேன்.

கடலைக்காட்டில் பாதியைக் காணவில்லை. மலையின் செம்மண் முட்டளவு படிந்து கிடந்தது. அதில் அங்கங்கே தைலமரக் கன்றுகள் வேர் மேலே தெரியச் சாய்ந்து கிடந்தன. மீதிப் பாதி, பாறைக்குப் பின்னால் இருந்த சரிவின் கீழே, பறிக்கத் தயாராகப் பச்சையாக நின்றது. இரண்டுக்கும் நடுவே கத்தியால் கீறியது போல எல்லை.

அவன் சேற்றுக்குள் கையை விட்டுச் செடியைத் துழாவி இழுத்துக்கொண்டிருந்தான். வந்த கடலையெல்லாம் முளைவிட்டு நாறியது. என்னைப் பார்த்து நிமிர்ந்தான்.

"வா மாப்ள. கோடு நேரா இருக்கா பாரு."

சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நானும் இறங்கினேன். பிழைத்த பாதியைப் பறித்துக் கரையேற்றிய பிறகு இருவரும் மேலே ஏறினோம். குழி வரிசைகள் இருந்த இடமெல்லாம் இடுப்பளவு ஓடை. முகாம்காரர்கள் மறந்துவிட்டுப் போன கயிறு, சிவப்பு முடிச்சுகளோடு ஒரு முளைக்கம்பில் தொங்கியது. அதை அறுத்தெடுத்து, கற்களைக் கட்டி இழுத்து, ஓடைகளுக்குக் குறுக்கே போட ஆரம்பித்தோம். ஒரு கல்கூட நேராக உட்காரவில்லை. உட்காரவைக்க நாங்கள் முயலவும் இல்லை.