என் மடியில் இருந்த போத்தல்

கடந்த ஆண்டு பங்குனி மாதத்தில், பகாவுக்கு அருகிலுள்ள எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய ஆறாம் நாள் காலையில் இது நிகழ்ந்தது. தோட்டத்தில் இப்போது ரப்பர் மரங்கள் இல்லை. எங்கு நோக்கினும் செம்பனைதான். நாங்களும் தோட்டத்து லயத்து வீட்டை விட்டுப் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் திருவிழாவென்றால் எல்லோரும் அந்தக் கோயிலில்தான் கூடுவோம்.

என் மனைவி முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். குனிந்து நிமிர்ந்தே முழங்கால்கள் தேய்ந்து போயின. அரசாங்க கிளினிக்கில் கொடுத்த மாத்திரைகள் வலியைக் குறைத்தனவே தவிர நீக்கவில்லை. இந்நிலையில்தான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் பகாவு பசார் மாலம் என்னும் இரவுச் சந்தையில் ஒரு போத்தல் மூட்டுவலி மாத்திரை வாங்கி வந்தேன். வேரும் இலையும் அன்றி வேறெதுவும் அதில் இல்லை என்று விற்றவர் சொன்னார். பத்தே நாளில் என் மனைவி தரையில் அமர்ந்து, பிடிமானமின்றி எழுந்தார். நான் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. போத்தல் தீரத் தீர வாங்கிக் கொடுத்தேன். நாளடைவில் அவர் முகம் நிலவைப்போல் உருண்டு பூரித்தது. உடல் தேறுகிறது என்றே எண்ணிக்கொண்டேன். கையில் லேசாக இடித்தாலும் கன்றிப்போவதைக் கண்டேன். வயது என்று விட்டுவிட்டேன்.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஆனாலும் கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்து, விவரம் தெரிந்தவன் என்ற பெயரைப் பெற்றிருந்தேன். நாளிதழ்களில் வரும் மருத்துவக் குறிப்புகளை வெட்டி ஒரு கொப்பியில் ஒட்டி வைப்பது என் வழக்கம். கலப்பட மருந்துகளைப் பற்றிய எச்சரிக்கை ஒன்றையும் என் கையாலேயே ஒட்டியிருக்கிறேன். அது பிறர் வாங்கும் மருந்தைப் பற்றியது என்று நினைத்தேன் போலும். கோயில் வட்டாரத்தில் மூட்டுவலிக்காரர்கள் நால்வருக்கு நானே இம்மருந்தைப் பரிந்துரைத்தேன்.

காப்புக் கட்டும் நாளன்று, அந்த மாத்திரையின் மேலுறை மாட்டுத் தோலிலிருந்து செய்யப்படுவதாக யாரோ சொல்லிவிட்டார்கள். விரதகாலத்தில் அதைத் தொடுவதா? என் மனைவி அன்றே நிறுத்திவிட்டார். நானும் சரியென்றேன். வலி திரும்பினால் பத்து நாள் பொறுத்துக்கொள்ளலாம் என்பதே எங்கள் கணக்காக இருந்தது.

ஆறாம் நாள் காலையில் அவருக்கு ஓயாத வாந்தி. எழுந்து நிற்க முயன்று சுவரோடு சரிந்தார். விரதக் களைப்பு என்று எண்ணிக் கஞ்சி கொடுத்தோம், அதுவும் தங்கவில்லை. பேச்சு குழறத் தொடங்கியதும் அண்டை வீட்டார் காரில் ஏற்றி மருத்துவமனைக்கு விரைந்தோம்.

அவசரப் பிரிவில் இருந்தவர் ஓர் இளம் தமிழ் மருத்துவர், பெண். இரத்த அழுத்தம் பார்த்த தாதி அதே வேகத்தில் மறுபடியும் பார்த்தார். மருத்துவர் என் மனைவியின் முகத்தையும், கன்றிய கைகளையும் உற்றுநோக்கிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"அங்கள், ஆண்டி வேற மருந்து ஏதும் சாப்புடுறாங்களா? ஜாமு, நாட்டு மருந்து, அந்த மாதிரி?"

"இல்லம்மா. கிளினிக் மருந்து மட்டும்தான்."

இதை நான்தான் சொன்னேன். என் மனைவியின் கைப்பை அவ்வேளை என் மடியில் இருந்தது. அடையாள அட்டையோடு அந்தப் போத்தலும் அதற்குள் கிடந்தது. துணிக்கு மேலாகவே அதன் மூடி என் விரலில் தட்டுப்பட்டது. ஆயினும் பையைத் திறக்கவில்லை. அங்கு நின்ற தாதி எங்கள் தோட்டத்துப் பெண். சிறுவயதில் அவளுக்கு விண்ணப்பக் கடிதங்கள் எழுதிக் கொடுத்தவன் நான். அவள் முன்னால் சந்தை மருந்து வாங்கிய ஏமாளியாக நிற்க என் மனம் ஒப்பவில்லை.

"நல்லா யோசிச்சிச் சொல்லுங்க அங்கள். ஊசி எது போடணும்னு அத வச்சித்தான் முடிவு பண்ணணும்."

"ஒண்ணும் இல்லம்மா."

மருத்துவர் என்னை விட்டுவிட்டு என் மனைவியின் காதருகே குனிந்தார். "ஆண்டி, நீங்க சொல்லுங்க. கால் வலிக்கு ஏதாச்சும் சாப்டீங்களா?"

என் மனைவி கண்ணைத் திறந்தார். அந்தக் கண்கள் மருத்துவரை நாடவில்லை. என்னைத் தேடி வந்து நின்றன. உதடு அசைந்தது.

"அவருகிட்ட கேளுங்க..."

உயிர் ஊசலாடும் வேளையிலும் என்னைக் காட்டிக்கொடுக்க அவர் விரும்பவில்லை. நாற்பத்தாறு ஆண்டு இல்வாழ்க்கையில் நான் அத்தனை சிறுத்துப்போனது அந்த ஒரு கணத்தில்தான். பையைத் திறந்து போத்தலை மருத்துவரின் கையில் வைத்தேன்.

"ரெண்டு வருசமா சாப்புட்டாங்க. நான்தான் வாங்கிக் குடுத்தேன். ஆறு நாளா நிப்பாட்டிட்டோம்."

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதற்கு நேரமும் இல்லை. ஊசி ஏறியது, உப்புநீர் சொட்டத் தொடங்கியது. நான் சுவரோரத்து நாற்காலியில் அமர்ந்து, திரையில் எழும் இரத்த அழுத்த எண்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை ஏறின. பத்தாகவும் ஐந்தாகவும், நடைபழகும் குழந்தைபோல் தயங்கித் தயங்கி ஏறின. மதியச் சாப்பாட்டுத் தட்டுகள் வார்டுக்கு வரும் நேரம், என் மனைவி தெளிவாகக் கண்விழித்துக் கேட்டார்:

"என்னாங்க, இன்னிக்குக் கோயிலுக்குப் பூ கட்டுறது நம்ம முறையாச்சே, யாரு கட்டுனா?"

தாதி சிரித்துவிட்டாள். நான் அழுதேன்.

நடந்தது என்ன என்பதை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். நம் சிறுநீரகங்களின் உச்சியில், தொப்பி கவிழ்த்ததுபோல் இரண்டு சிறிய சுரப்பிகள் இருக்கின்றன. கார்ட்டிசோல் என்னும் ஹார்மோனைச் சுரப்பது அவற்றின் வேலை. அது இல்லையென்றால் இரத்த அழுத்தம் நிற்காது; சர்க்கரை நிற்காது; ஒரு சிறு காய்ச்சலைக்கூட உடல் தாங்காது. அந்தப் போத்தலில் கார்ட்டிசோலைப் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்றார். உருண்ட முகமும் கன்றும் கைகளுமே அதற்கு அடையாளமாம்; பின்னர் பரிசோதனையிலும் அது உறுதியாயிற்று. வெளியிலிருந்து நாள்தோறும் அது வந்துகொண்டிருந்ததால், தமக்கு வேலையில்லை என்று சுரப்பிகள் உறங்கிவிட்டன. நாங்கள் மருந்தை நிறுத்தியபோது அவற்றை எழுப்ப யாரும் இல்லை.

"காலையில நாம முழிக்கிறதுக்கு முன்னாடியே இந்தச் சுரப்பி வேலையத் தொடங்கிரும் அங்கள். மூளையிலேருந்து அதுக்குச் சேதி போயிரும்."

நான் வியந்து அமர்ந்திருந்தேன். தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி அடிக்குமுன்பே, கடிகாரம் ஏதுமின்றி, என் மனைவி நான்கு மணிக்கு எழுந்துவிடுவார். அதை அவரது சுறுசுறுப்பு என்று மட்டும் எண்ணியிருந்தேன். அவருக்கும் முன்னதாக அவருக்குள்ளே ஒன்று எழுந்து விளக்கேற்றிக் காத்திருந்திருக்கிறது! இந்த இரண்டு ஆண்டுகளாக நான் தட்டி எழுப்பினால்தான் எழுந்தார் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"வேற யாராச்சும் இதே மருந்து சாப்புடுறாங்களா?" என்று மருத்துவர் கேட்டபோது, இம்முறை நான் மறைக்கவில்லை. நால்வர். அவர்களில் மூவர் காப்புக் கட்டியவர்கள்.

"அப்ப அவங்களும் நிப்பாட்டியிருப்பாங்க. உடனே வரச் சொல்லுங்க, போத்தலோட."

எங்கள் மகள் வந்து தாயின் அருகில் அமர்ந்ததும் நான் கோயிலுக்கு விரைந்தேன். மாலைப் பூசைக்குக் கூட்டம் நிறைந்திருந்தது. வழக்கமாக நன்கொடையாளர் பட்டியலை வாசிக்கும் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கி, நான் செய்த தவறையும் மருத்துவரிடம் சொன்ன பொய்யையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். அவர் மனைவிக்கும் நான் அம்மருந்தைப் பரிந்துரைத்திருந்தேன். "ஏண்ணே, அன்னிக்கு அமுதம்னு சொன்னீங்க. இன்னிக்கு மைக்கப் புடிச்சிக்கிட்டு விசம்ங்குறீங்க! ஒங்க கொப்பியில இதெல்லாம் ஒட்டலியா?"

"ஒட்டியிருக்கேன் தம்பி. படிக்கத்தான் இல்ல," என்றேன்.

சிலர் சிரித்தனர். அப்போது தூணோரத்தில், மஞ்சள் காப்புடன் அமர்ந்திருந்த அவர் மனைவி மெல்லச் சொன்னார்: "எனக்கும் நேத்துலேருந்து தல சுத்துது லா அண்ணே. விரதம்னு நெனச்சிக்கிட்டேன்."

சிரிப்பு நின்றது. என்னைக் கேலி செய்தவரே அவரைத் தாங்கிப் பிடித்துக் காரில் ஏற்றினார்; மற்ற மூவரையும் அதே காரில் அழைத்துக்கொண்டார். நால்வரும் இன்று நலமாக இருக்கிறார்கள்.

வீடு திரும்பும் நாளன்று மருத்துவர் ஒரு படிவத்தைக் கொண்டுவந்தார். உறங்கிப்போன சுரப்பி எவ்வளவு காலத்தில் விழிக்கிறது, ஏன் ஒருவருக்குச் சில மாதங்களிலும் இன்னொருவருக்கு ஓராண்டு தாண்டியும் விழிக்கிறது என்பதை இன்னும் ஆராய்ந்து வருகிறார்களாம். பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் கூடுதலாகச் சிறிது இரத்தம் கொடுக்கச் சம்மதமா என்பதே கேள்வி. நான் பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்துவிட்டேன்.

"அங்கள், சம்மதம் ஆண்டியோடது. அவங்கதான் போடணும்."

பேனாவை வைத்துவிட்டேன்.

"இதுல எனக்கு என்னம்மா நன்மை?" என்று என் மனைவி கேட்டார்.

"உண்மையச் சொல்லணும்னா ஒண்ணும் இல்ல ஆண்டி. பின்னாடி வர்றவங்களுக்கு உதவலாம். வேணாம்னாலும் உங்க வைத்தியத்துல ஒரு கொறையும் வைக்க மாட்டோம். பாதியில வேணாம்னு தோணுனாலும் நிப்பாட்டிக்கலாம்."

தோட்டத்தில் எங்களை வரிசையில் நிறுத்தி ஊசி போட்டிருக்கிறார்கள், இரத்தம் எடுத்திருக்கிறார்கள். ஏன் என்று சொன்னவரில்லை; சம்மதமா என்று கேட்டவருமில்லை. எழுபது வயதை நெருங்கும் ஒரு தோட்டத்துப் பெண்மணியின் 'சரி' என்ற ஒரு சொல்லுக்காக, அந்தப் படித்த மருத்துவர் பேனாவை நீட்டியபடி காத்து நின்றார். அந்தச் சுரப்பியைப் பற்றி அறிந்தபோது அடைந்த வியப்புக்கு இது சற்றும் குறைந்ததன்று.

என் மனைவி அவசரப்படவில்லை. படிவத்தை இரண்டுமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "நீங்க என்னா சொல்றீங்க?" என்று என்னைப் பார்த்தார். "நீ சொல்லு," என்றேன். பிறகு தோட்டப் பள்ளியில் கற்ற எழுத்தில் தம் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதினார்.

சுரப்பி விழிக்கும்வரை மருத்துவமனையில் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையின் அளவைக் குறைத்துக் குறைத்துப் பதினோரு மாதங்கள் கடந்தன. ஒருநாள் நான் விழித்தபோது பக்கத்தில் அவர் இல்லை. பதறி எழுந்து பார்த்தால், அடுப்படியில் கோப்பி கொதித்துக்கொண்டிருந்தது. மணி நான்கு. மருத்துவரிடம் இதைச் சொன்னபோது, "கோப்பிய வச்சில்லாம் சொல்ல முடியாது அங்கள், ரத்தம்தான் சொல்லணும்," என்று சிரித்தார். அடுத்த வாரம் இரத்தமும் அதையே சொல்லிற்று.

இப்போதெல்லாம் அதிகாலையில் அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டால் நான் கண்ணை மூடியபடியே கிடந்து, அவருக்கும் முன்னே எழுந்துவிட்ட அந்த இரண்டு சிறு சுரப்பிகளை எண்ணி வியக்கிறேன். யாரேனும் அவரிடம் ஒன்று கேட்டால் என் வாயை மூடிக்கொண்டு, அவர் பதில் சொல்லும்வரை காத்திருக்கிறேன்.